முத்துவை ஊருக்கு அனுப்பியது நான்தான்

போன செவ்வாய்க்கிழமை நீ போனில் கேட்டாயே மகனே, "அம்மா, நிவேதா இருபத்து மூணாவது அத்தியாயம், இருபத்து மூணாவது அத்தியாயம்னு பேசிக்கினே இருக்கா. என் புக்குல இருபத்திரண்டோட முடிஞ்சிபோச்சி. அது எங்கே இருக்குது?" என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை. அன்றைக்கு வீட்டில் பாலே இல்லை. முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்தவள், எத்தனையோ பேரிடம் "ஒண்ணும் வலிக்காது" என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னவள், உன்னிடம் மட்டும் ஒரு பொய்யைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் உண்மையை எழுதிவிடுகிறேன். விண்வெளிப் போர் நாவல்களை யாருக்கு எப்படிப் பரிந்துரைப்பது என்று உன் வாசகர் குழுவினர் என்னை எழுதச் சொல்வதாகவும் சொன்னாய். அதற்கும் சேர்த்து இந்தக் கடிதம்தான் பதில். குழுவில் அப்படியே போடலாம். வரப்போகும் மருமகள் நிவேதாவையும் கேட்டுவிட்டேன், போடச் சொல்லிவிட்டாள்.

முதலில் பழைய குற்றம். நீ பன்னிரண்டாவது படிக்கும்போது உன் கட்டிலுக்கடியில் பதினோரு புத்தகம் இருந்தது. எல்லா அட்டையிலும் துப்பாக்கி, ராக்கெட், நெருப்பு. இதைப் படித்தால் பிள்ளை எங்கே உருப்படும் என்று நினைத்து, நீ டியூஷன் போயிருந்த சமயம் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒரு பச்சை வாளி வாங்கினேன். நீ வந்து கட்டிலுக்கடியில் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் அந்த வாளியில் தண்ணீர் மொண்டு குளிக்க மாட்டேன் என்று சமையலறைச் சொம்பால் குளித்தாய். உன் அப்பா மட்டும், "பையன் சாம்பார் கரண்டியில குளிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது பேசும்மா" என்றார். நான் பேசவில்லை. நான் செய்தது நியாயம் என்று நம்பினேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். பிள்ளை எதைப் படிக்கிறான் என்று பார்த்த நான், ஏன் படிக்கிறான் என்று கேட்டிருக்க வேண்டும்.

தண்டனை, முட்டி ஆபரேஷன் வடிவத்தில் வந்தது. பத்து நாள் லீவு போட்டு வந்து என்னைப் பார்த்துக்கொண்ட நீ, போகும்போது ஒரு நாவலைத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டாய். மறந்து வைத்தாயா வேண்டுமென்றே வைத்தாயா, இன்றுவரை தெரியாது. எழுந்து நடக்க முடியாது, டிவி ரிமோட் உன் அப்பா கையில். எடுத்துப் பிரித்தேன். வியாழன் கிரகத்துக்கு அந்தப் பக்கம், எப்போதும் உறைந்து கிடக்கும் ஒரு நிலவில், பனிச் சுரங்கத்துக்குக் காவல் நிற்கும் எழுபது சிப்பாய்களின் கதை. மூன்றாம் பக்கத்திலேயே ஒருவனுக்குத் தொடையில் அடிபடுகிறது. மருத்துவப் பணியாள் ஓடிவந்து ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டுகிறான். ஆனால் எத்தனை மணிக்குக் கட்டினான் என்று எழுதவில்லை! கட்டிய நேரத்தைக் குறிக்காவிட்டால் கால் போய்விடும் என்பது எங்கள் முதலாம் ஆண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். எனக்கு வந்த கோபத்தில், யாராவது நேரத்தைக் குறித்தார்களா என்று பார்ப்பதற்காகவே அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். யாரும் குறிக்கவில்லை. நானூறு பக்கம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ராஜ வீதிக்குப் பின்னால் மருந்துக் கடை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த நாவலைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பட்டுக் கடையில் விற்பனை வேலை பார்க்கும் கமலாவும், ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் ஏழுமலையும்தான் தவறாமல் வருகிறவர்கள். "ஆகாசத்துல எதுக்கு சிஸ்டர் சண்டை? இங்க கீழ எடமா இல்ல?" என்றாள் கமலா. ஆஸ்பத்திரியை விட்டு வந்தும் ஊருக்கே நான் சிஸ்டர்தான். நான் ராக்கெட்டின் வேகம், நிலவின் குளிர் எல்லாவற்றையும் விளக்கினேன். கமலா கொட்டாவி விட்டாள். அப்புறம் பேச்சுவாக்கில், "அந்தச் சிப்பாயி தினமும் காலையில மூட்டையைப் பிரிச்சி சாமானெல்லாம் அடுக்கி வெக்கணும், அதிகாரி வந்து பாப்பாரு, ஒண்ணும் சொல்லாம போயிடுவாரு, திரும்ப எல்லாத்தையும் மடிச்சி மூட்டை கட்டணும், வருஷம் பூரா இதான்" என்றேன். கமலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு இருநூறு புடவை பிரித்துக் காட்டி, "இன்னொரு நாள் வர்றோம்" என்று வாங்க வந்தவர்கள் எழுந்து போனதும் இருநூறையும் மடித்து வைக்கிறவள் அவள். "சிஸ்டர், இவன் நம்ம ஆளு. மேல சொல்லுங்க" என்றாள்.

உன் குழுவுக்கு இதுதான் என் முதல் பாடம். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாதே. எதிரில் இருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேள். இதையும் நான் உடனே கற்றுக்கொள்ளவில்லை. ஏழுமலை அண்ணன் டிரைவர் என்பதால், சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போகும் விண்கல ஓட்டியைப் பற்றிய வேறொரு நாவலின் கதையைச் சொன்னேன். "முப்பது வருஷமா ஓட்டினதே போதும்மா. அந்தக் கதையில ஒரு அம்மா கமாண்டரா வர்றாங்களே, அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லியா, அதைச் சொல்லு" என்றார். தலைவலி என்று வந்தவரெல்லாம் ஒரே மாத்திரையா சாப்பிட முடியும்?

கமலாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால், பனி நிலவு நாவலை நீள நோட்டில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். நாயகனின் பெயரைச் சொல்ல நாக்கு இரண்டு முறை மடிய வேண்டியிருந்தது. முத்து என்று வைத்தேன். என் தமிழ் நடை, பணி மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்படைக்கும் ரிப்போர்ட் போல இருக்கிறது என்று நீ கேலி செய்தாய். உண்மைதான். "காலை ஆறு மணி. முத்து சுயநினைவுடன் இருந்தான். எதிரி தென்படவில்லை. கஞ்சி பாதி குடித்தான்." ஆனாலும் வாரம் ஒரு அத்தியாயம் என்று இருபத்தொன்று வரைக்கும் வந்துவிட்டோம். வட்டத்தில் யாரும் எழுந்து போகவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ நிவேதாவைப் பற்றிச் சொன்னாய். நீயே பார்த்துக்கொண்ட பெண். அப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, பக்கத்துக் கூரம் கிராமத்தில் இருப்பவர், அம்மா மூன்று வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் முழுச் சம்மதம் இல்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பெண் பார்க்கக் கூரத்துக்கு ஆட்டோவில் போகும்போது, "அம்மா, என்ன வேணா பேசு, புக் பத்தி மட்டும் பேசாதே" என்று நீ கையெடுத்துக் கும்பிட்டாய். பேசக்கூடாது என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் கேசரி வந்தது, போனது. உன் அப்பா தன் தொழிலான மோட்டார் காயில் கட்டுவது பற்றித் தெரிந்ததை எல்லாம் பேசி முடித்துவிட்டார். அப்புறம் ஒரு மௌனம். ஐசியூவில்கூட அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதில்லை. சுவரில் அவர் சீருடையில் நிற்கும் படம். என் வாய் தானாகத் திறந்தது.

"போர்க்கதையெல்லாம் படிப்பீங்களா?"

நீ என் காலை மிதித்தாய். அது ஆபரேஷன் செய்த கால்.

"எந்தச் சண்டைம்மா? சைனா பார்டரா, பாகிஸ்தான் பார்டரா?" என்றார் அவர்.

"இல்லீங்க. வியாழனுக்கு அந்தப் பக்கம்."

அவர் முகத்தில் ஒரு சதைகூட அசையவில்லை. "அங்க நமக்கு யூனிட் இல்லியேம்மா" என்றார்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய். நிவேதா சமையலறைக்குள் ஓடிவிட்டாள். ஆனால் விடைபெறும்போது அவரே வாசல்வரை வந்து, "அந்தக் கதை தமிழ்ல இருந்தா குடுத்தனுப்புங்க" என்றார். மரியாதைக்குச் சொன்னாரோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன்.

இனித்தான் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் எழுத வேண்டியிருந்தது. உன் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும். முத்துவுக்கு லீவு கிடைத்து ஊருக்குப் போகும் விண்கலத்தில் ஏறுகிறான், பாதி வழியில் அந்தக் கலம் வெடித்துச் சிதறுகிறது, கதை முடிகிறது. நல்ல முடிவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருடம் லீவில் வருவதும் போவதுமாக இருந்த மனிதருக்கு, அதுவும் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போது, இதையா கொடுப்பது? பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கலத்தைப் பத்திரமாக இறக்கினேன். இறக்கிய பிறகு, முத்து ஊருக்கு வந்துவிட்டானே, வீட்டுக்குப் போக வேண்டாமா? இருபத்து மூன்றாம் அத்தியாயம் தானாக வந்துவிட்டது. நாவலில் இல்லாத அதை எழுதியது நான்தான். ஆனால் அதில் நடப்பதை நான் கற்பனை செய்யவில்லை.

உனக்கு அப்போது மூன்று வயது. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் என்னைப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன். உன்னை உன் அப்பாவும் அத்தையும் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் எல்லாரும் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டு, நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய். ஒரு ஞாயிறு நான் உள்ளே நுழைகிறேன், நீ சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்பா, சிஸ்டர் வந்துட்டாங்க. யாருக்கு ஊசி?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது உன்னைத் தூக்க உள்ளே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். ரொம்ப நேரம் கழித்து நீ கால் உடைந்த பிளாஸ்டிக் யானை ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கம் தள்ளினாய். கட்டுப் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பிரிக்கணும் என்றேன். வாராவாரம் அந்த யானைக்குக் கட்டுப் பிரித்துக் கட்டினோம். ஐந்தாவது வாரம் நீ வாசலிலேயே காத்திருந்தாய். "அம்மா சிஸ்டர்" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

நோட்டில் முத்துவை அப்படித்தான் வாசற்படியில் உட்காரவைத்தேன். கதவுக்குப் பின்னால் அவன் பெண் குழந்தை. யானைக்குப் பதில் ஒரு பொம்மை ரயில். ஊசிக்குப் பதில் வேறு ஒரு வசனம்.

நோட்டு கூரத்துக்குப் போனது. அதன் பிறகு பன்னிரண்டு நாள் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு மூச்சு இல்லை. வேலை பார்க்கும் ஊரிலிருந்து நிவேதா போன் செய்தால் அவள் அப்பா இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறார் என்று நீ சொன்னாய். "என்னத்த எழுதிக் குடுத்த? கல்யாணத்தையே கெடுத்துட்டியேம்மா!" என்று நீ கத்தியபோது எனக்கு அந்தப் பச்சை வாளிதான் கண்ணில் நின்றது. இரண்டாவது முறையும் ஒரு புத்தகத்தால் உனக்குக் கெடுதல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லாமல், மறுநாளே உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். "மன்னிப்புக்கு வாழைப்பழம் வாங்கிக்கினு போறதா, ஆப்பிளா?" என்று கேட்டார் உன் அப்பா. எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் வாங்கினோம்.

சுபேதார் மூக்குக்கண்ணாடியோடு மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் என் நோட்டு, பக்கத்தில் சிவப்புப் பேனா. "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா, இப்போதான் முடிச்சேன்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. "எழுபது பேருக்குச் சமைப்பது யார்?" "இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு போகிறான், முதல் குண்டு இவனுக்குத்தான்." "கேப்டனை எதிர்த்துப் பேசிய பிறகும் இவன் ஏன் கக்கூஸ் கழுவவில்லை?" தலைமையிடத்து உத்தரவு அந்த நிலவுக்கு வந்துசேர எட்டு மாதம் ஆகும் என்ற இடத்தில் மட்டும் பெரிய டிக் போட்டு, "முற்றிலும் உண்மை" என்று எழுதியிருந்தார். அந்த வேகத்தில் புரட்டிக்கொண்டே போனால், கடைசி அத்தியாயத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த அத்தியாயம் நாவலில் கிடையாது, நிஜக் கதையில் முத்து வீடு வந்து சேரவே இல்லை, உங்கள் மனதைக் கஷ்டப்படுத்தியிருந்தால் மன்னிக்க வேண்டும் என்றேன்.

"தெரியும்மா" என்றார். "அது வரைக்கும் உங்க எழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருந்திச்சி. கடைசியில மட்டும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிக்குது. பாத்து எழுதுறவங்க வேகமா எழுதுவாங்க. ஞாபகப்படுத்திக்கினு எழுதுறவங்கதான் மெதுவா எழுதுவாங்க."

உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சுபேதார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"நிவேதாவுக்கு நாலு வயசு. பதினோரு மாசம் கழிச்சி லீவுல வர்றேன். ரெண்டாவது நாள் காலையில கிணத்தாண்ட பல்லு தேய்ச்சிக்கினு இருக்கேன், உள்ள அவங்க அம்மாகிட்ட கேக்குது. 'அந்த மிலிட்டரி எப்போம்மா போவாரு?' அதுக்கப்புறம் நான் எப்போ லீவுல வந்தாலும் மொத நாளே சொல்லிடுவேன், பத்தாம் தேதி போயிடுவேன், பன்னண்டாம் தேதி போயிடுவேன்னு. புள்ளைக்கு நிம்மதியா இருக்கட்டுமேன்னு. இப்போ அவளே போறா, கல்யாணம் ஆனா உங்க பையன் வேலை பாக்கிற பூனாவுலயே குடித்தனம். சரின்னு சொல்லத்தான் நெனைக்கிறேன். வாய் வரல. போன்ல அவ குரல் கேட்டா இதைக் கேட்டுடுவேனோன்னு பயமா இருக்குது. அதான் வெச்சிடுறேன்."

"கேளுங்களேன்" என்றேன்.

"கல்யாண நேரத்துல இதெல்லாம் எதுக்கும்மா?"

"புண்ணை மூடியே வெச்சா சீழ் பிடிச்சிக்கும். நான் முப்பத்து நாலு வருஷம் பாத்திருக்கேன்."

 அவர் ஆப்பிளை எடுத்து உள்ளே வைத்தார். நாங்கள் கிளம்பும்போது, "உங்க வட்டத்துல வெளியாளு வரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை, லீவில் ஊருக்கு வந்திருந்த நிவேதாவையும் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு வந்துவிட்டார். கடைசி அத்தியாயத்தைத் தானே படிப்பதாகச் சொன்னார். படிக்க எழுந்து நின்றார் பார், அட்டென்ஷனில்! அவர் குரல் அணிவகுப்பு மைதானத்துக்கு உண்டானது. "முத்து வாசற்படியில் உட்கார்ந்தான்!" என்றதும் கீழே மருந்து வாங்க வந்தவர்கள் ஏதோ தகராறு என்று மாடி ஏறி வந்துவிட்டார்கள். ஏழுமலை அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேட்டார். கதவுக்குப் பின்னால் குழந்தை ஒளிந்துகொண்டு, "சிப்பாய் வந்துட்டாரு, யாரைச் சுடப் போறாரு?" என்று கேட்கும் இடம் வந்தது. அங்கே அவர் குரல் நின்றுவிட்டது.   நிவேதா எழுந்து போய் அவர் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். பக்கத்திலேயே நின்றுகொண்டு மீதியை அவள் படித்தாள்.

முடிந்ததும் அவர் யாரையும் பார்க்காமல், அவருக்கு உண்டு என்று நான் நினைத்தே பார்க்காத ஒரு சின்னக் குரலில், "நீகூட கேட்டியேம்மா. மிலிட்டரி எப்போ போவாருன்னு" என்றார்.

"ஞாபகம் இருக்குதுபா" என்றாள் அவள். "நீங்க போற தேதியை அம்மா காலண்டர்ல வட்டம் போட்டுக் காமிச்சாங்க. அந்தத் தேதி வரைக்கும் தினமும் காலையில எழுந்ததும் மொதல்ல வாசலுக்கு ஓடுவேன். பூட்ஸ் இருக்குதா, போயிடுச்சான்னு பாக்க. நீங்க சொல்லாம போயிடக்கூடாதுன்னுதான் கேட்டேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தலையில் கையை வைத்தார். அன்றைக்கு ராத்திரிதான் உன் அப்பாவுக்குப் போன் செய்து, பத்திரிகை அடிக்கச் சொல்லிவிட்டார்.

உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். அவள் ஏதாவது கேட்டு உனக்குச் சுருக்கென்றால், கிணற்றடியில் நின்று நீயே ஒரு அர்த்தம் செய்துகொள்ளாதே. உள்ளே போய், என்ன கேட்டாய் என்று கேள். நான் உன்னைக் கேட்காமல் ஒரு வாளி வாங்கினேன். அவர் கேட்காமல் இருபது வருடம் தேதி சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பெரியவர்கள், அனுபவசாலிகள். எங்கள் லட்சணம் இது.

அன்று மாடியில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கமலா மட்டும் நிம்மதியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமாக முத்துவோடு கூடவே மூட்டை பிரித்து மூட்டை கட்டியவள் அவள். "சிஸ்டர், லீவு முடிஞ்சி திரும்பவும் அந்தப் பனிக்கே போயிட்டானா அவன்?" என்றாள்.  கலம் வெடித்த கதை அந்த அறையில் என்னைத் தவிர ஒருவருக்குத்தான் தெரியும். நான் அவரைப் பார்த்தேன்.

சுபேதார் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பழைய குரலில் சொன்னார்: "இல்லம்மா. லீவை நீட்டிச்சிட்டாங்க. ஆர்டர் வந்துக்கினு இருக்குது. வர எட்டு மாசம் ஆவும்."

அன்புடன்,
அம்மா சிஸ்டர்